கலயத்துக்குள் சிவப்பு மண்

கடப்பாரையின் மூன்றாவது குத்தில் பீடம் பிளந்தது. உள்ளே ஏதோ உடைகிற சத்தம். கல் உடைகிற சத்தம் இல்லை, சட்டி உடைகிற சத்தம். கொத்தனார் கருப்பையா குனிந்து பார்த்தார். கரிசல் மண்ணுக்கு நடுவே ஒரு சிறு கலயம் உடைந்து கிடந்தது. அதிலிருந்து சிவப்பாக ஒரு பொடி சரிந்துகொண்டிருந்தது.

"மருந்துலே" என்றார். அதையும் மெதுவாகத்தான் சொன்னார்.

கடப்பாரையை அவர் கீழே போடவில்லை. தூங்குகிற பிள்ளையைப் பாயில் கிடத்துவதுபோல மெல்லச் சாய்த்து வைத்தார். கலவைச் சட்டி சுமந்த இரண்டு பெண்களும் செருப்பைக் கழற்றினார்கள். காலைத் தரையில் தேய்க்காமல், தூக்கித் தூக்கி வைத்து, வேப்பமரம் வரை பின்னாலேயே போனார்கள். யாரும் ஓடவில்லை. ஓடினால் உரசும்.

மண்ணுக்குள் கலயம் கிடைத்தால் மற்ற ஊர்களில் புதையல் என்று நினைப்பார்கள். ஏழாயிரம்பண்ணையில் நாங்கள் வெடிமருந்து என்று நினைத்தோம்.

அதற்குக் காரணம் இருந்தது. பக்கத்துப் புஞ்சையில் முன்பு பொம்மைத் துப்பாக்கிக்குக் கேப் செய்கிற பட்டாசு யூனிட் ஒன்று இருந்து மூடப்பட்டது. கேப் மருந்து இதே சிவப்பில்தான் இருக்கும். லேசாக உரசினாலே பிடித்துக்கொள்ளும். மூடிவிட்டுப் போனவர்கள் கழிவை எங்கே புதைத்தார்கள் என்று ஊரில் யாருக்கும் தெரியாது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்து, ஒரு தை மாதத்தின் கடைசி. யூனிட்டுகளுக்கு விடுமுறை என்பதால் ஆள் கிடைத்திருந்தது. வந்தவர்கள் அத்தனை பேரும் வாரத்தின் ஆறு நாளும் பட்டாசு வேலை செய்கிறவர்கள். அந்தப் பெண்களில் ஒருத்தி வாளித் தண்ணீரைத் தூக்கிவிட்டாள்.

"ஊத்தாத தாயி, இரு" என்றார் அப்பா.

என் அப்பா மாடசாமி முப்பது வருஷத்துக்கு மேல் மருந்து கலக்கியவர். அலுமினியப் பொடி ஏறி ஏறி, வேலையை விட்ட பிறகும் நகக்கண்களில் ஒரு வெள்ளி மினுக்கம் மிச்சமிருந்தது. அவர் குத்தவைத்து உட்கார்ந்தார். இரண்டு விரலால் கொஞ்சம் எடுத்தார். தேய்க்கவில்லை. உள்ளங்கையில் வைத்துக் கையை மெதுவாகச் சாய்த்தார்.

"மருந்துன்னா ஒட்டும். இது உருளுது பாரு."

பிறகுதான் விரலில் வைத்துத் தேய்த்தார், ஊதினார், மோந்து பார்த்தார்.

"மண்ணுதான். ஆனா நம்ம மண்ணு இல்ல" என்றார்.

பெயர் கேட்ட பெயிண்டர்

அந்தப் பீடத்தை நாங்கள் உடைத்ததற்கு ஒரு போர்டுதான் காரணம்.

எங்கள் வகையறாவுக்கு என்று ஊருக்கு வெளியே ஒரு மண் பீடம் இருந்தது. நாங்கள் அதை "நம்ம சாமி" என்போம். ஊர் அதைப் "பேரில்லாத சாமி" என்றது. வேலையிலிருந்து நின்றதும், அதைச் சிமெண்டில் எடுத்துக் கட்டி, மேலே வளைவு வைத்துப் பெயர் எழுத வேண்டும் என்று அப்பா முடிவு செய்தார். சிவகாசியிலிருந்து பெயிண்டர் ஒருவர் அளவெடுக்க வந்தார்.

"மேல என்ன பேரு எழுதணும் அண்ணாச்சி?"

அப்பா யோசித்துவிட்டு, "நம்ம சாமின்னே எழுதிருங்க" என்றார்.

"ரோட்டுல போற எவன் வாசிச்சாலும் நம்ம சாமின்னுதான வாசிப்பான்? பேரு வேணும்லா."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். அந்த முகம் எனக்குத் தெரியும். ஊர்க் கோயில் கொடை விழாவில், மரியாதை வாங்குகிற வரிசையில் கடைசியில் நிற்கும்போது இருக்கிற முகம்.

எங்களை ஊரில் 'வரத்துக்காரர்' என்பார்கள். வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்று பொருள். வந்து நாலைந்து தலைமுறை ஆகியிருக்கும். அதனால் ஒன்றும் மாறிவிடவில்லை. "வரத்துக்காரங்க கொஞ்சம் நில்லுங்க" என்று ஒரு குரல் வரும். அப்பா நிற்பார். யாரும் வைததில்லை, அடித்ததில்லை. நிற்கச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

ஒருமுறை டீக்கடையில் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "மாடசாமி, ஒங்க பாட்டன் பூட்டன் எந்த ஊர்ல என்னத்தக் களவாண்டுட்டு ஓடியாந்தாங்களோ, அதான் சாமி பேரக்கூட வெளிய சொல்ல மாட்டேங்கீக."

அப்பாவும் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. அது நான் கல்லூரியில் படித்த காலம். அந்தக் கேள்விக்கு அப்பாவிடம் பதில் இல்லை என்பதைவிட, பதில் அதுவாகவே இருக்குமோ என்று அவர் பயந்தார் என்பதுதான் எனக்கு உறைத்தது. எங்கிருந்து வந்தோம், எதற்காக வந்தோம் என்று அவருக்கும் தெரியாது.

ஃபிலிம் டப்பா

அப்போது நான் விருதுநகரில் ஒரு நாளிதழின் மாவட்ட நிருபர். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த செய்தி ஆசிரியர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார்: பார்த்ததை எழுது, கேட்டதை எழுதினால், சொன்னவன் யார் என்று எழுது. கலயத்தில் மண் இருந்தது நான் பார்த்தது. அது என்ன மண் என்று யாராவது சொல்ல வேண்டும்.

காலி ஃபிலிம் டப்பா ஒன்றில் கொஞ்சம் அடைத்துக்கொண்டு போனேன். மண் பரிசோதனை செய்கிற அலுவலகத்தில் எனக்குத் தெரிந்த அதிகாரி ஒருவர் இருந்தார். டப்பாவைத் திறந்ததுமே சிரித்தார்.

"இத எங்கன புடிச்சீங்க?"

"ஏழாயிரம்பண்ணை."

"அங்கன எப்படி வரும்? இது தேரி மண்ணு சார். காத்து கொண்டாந்து குவிச்ச மணலு. சாத்தான்குளம், உடன்குடிப் பக்கம் போனா காடு காடா இதுதான் கெடக்கும். நம்ம ஜில்லாவுல ஒரு பிடி கெடையாது."

ஒரு பிடி என்று அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஊரைவிட்டுப் போகிறவர்கள் தங்கள் குலசாமி இருக்கிற இடத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப் போவார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் அதைப் புதைத்துப் பீடம் எழுப்பிக் கும்பிடுவார்கள். பிடிமண் என்பார்கள். எங்கள் ஆட்கள் கலயத்தில் அடைத்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். அதன்மேல்தான் ஒருத்தி வாளித் தண்ணீரை ஊற்றப் பார்த்தாள்.

அப்பாவிடம் சொன்னேன். "களவாண்டுட்டு ஓடுறவன் மண்ணை எடுத்துட்டு ஓடுவானாலே?" என்று கேட்டார். என்னைக் கேட்டதுபோல் தெரியவில்லை.

மூன்றாவது கோயில்

அடுத்தடுத்த ஞாயிறுகளில் பஸ் ஏறினேன். தேரிக்காட்டில் சாஸ்தா கோயில்கள் நிறைய. தென்மாவட்டங்களில் பங்குனி உத்திரத்தன்று குடும்பம் குடும்பமாகத் தங்கள் குலசாமியான சாஸ்தாவைத் தேடிப் போவது வழக்கம். எந்தச் சாஸ்தா என்று தெரியாத எங்களைப் போன்றவர்கள் பொதுவாகத் திருச்செந்தூருக்குப் போய்விடுவோம்.

முதல் கோயிலில், "எங்க வகையறாவுல யாரும் ஊரவிட்டுப் போகல" என்று கதவைச் சாத்தினார்கள். இரண்டாவதில் போனவர்கள் இருந்தார்கள். அவர்கள் எல்லோரும் கொழும்புக்குப் போயிருந்தார்கள். மூன்றாவது, வடலிக்காட்டு சாஸ்தா. சின்னப் பனைகளுக்கு நடுவே, முழங்கால் உயரத்துக்கு மணல் ஏறிய மதில். கோயில் காரியங்களைப் பார்த்துக்கொண்டவர் பெயர் சுடலைமுத்து. பனங்கிழங்கு வியாபாரி. வெற்றிலை போட்டபடியே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

ஃபிலிம் டப்பாவைத் திறந்து காட்டினேன்.

"இந்த மண்ணு இங்கேருந்து கடல் வரைக்கும் கெடக்கு வே" என்றார்.

பிறகு அவராகவே சொன்னார். அந்தக் கோயில் ஏழு அண்ணன் தம்பிகளின் வாரிசுகளுக்கு உரியது. ஆறு வகையறா சுற்று வட்டாரத்தில் இருக்கிறது. ஏழாவது வகையறா எப்போதோ ஊரைவிட்டு வடக்கே போய்விட்டது.

"எதுக்காகப் போனாங்க?" என்று கேட்டேன்.

"அத இப்பச் சொல்ல முடியாது. ஏழாவது நாங்கதான்னு இதுக்கு முன்னால மூணு குடும்பம் வந்துச்சு. மூணும் இல்ல."

"இல்லன்னு எப்படித் தெரிஞ்சது?"

"ஒரே ஒரு கேள்வி கேப்போம். உத்திரத்தன்னைக்கு, எல்லாரு முன்னாலயும். வந்த வீட்டுல மூத்தவங்க பதில் சொல்லணும்."

"என்ன கேள்வி?"

"நீரு பத்திரிகைக்காரரு. ஒம்மகிட்ட சொன்னா அது நாளைக்கு ஊருக்கே தெரிஞ்ச கேள்வியால்லா ஆயிரும்?"

வேனில் இருபது பேர்

அப்பாவிடம் நான் இரண்டு விஷயம் சொன்னேன். ஒன்று, இது உறுதி இல்லை. இரண்டு, நாம் இருவர் மட்டும் போய் வரலாம். தேரி முழுக்க அதே மண். எங்களுக்கு முன் மூன்று குடும்பத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அத்தனை பேர் முன்னால் அப்பா தலை குனிந்து திரும்புவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இதில் கடைசி வாக்கியத்தை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை.

"ஒருவேளை இல்லன்னுட்டா?" என்று கேட்டேன்.

"இல்லன்னா எல்லாருமே கேட்டுக்கிடட்டும். ஒளிஞ்சு போய்க் கேக்கிறதுக்கு நான் களவாண்டவனாலே?"

யூனிட்டுக்கு ஆள் ஏற்றுகிற வேன் ஒன்றைப் பேசினார். இருபது பேர் வந்தார்கள். ஒரு மாதமாக அப்பா தன் தகப்பன், பாட்டன், பூட்டன் பெயர்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். கேள்வி அதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்தார். பூட்டன் பெயரில் ஒரு சந்தேகம் இருந்தது. வேன் கோவில்பட்டி தாண்டும்போதும் அதை முனகிக்கொண்டிருந்தார்.

பின்சீட்டில் இருந்தவர் பேச்சியம்மாள் அத்தை. அப்பாவின் அக்கா, ஐந்தாறு வயது மூத்தவர். தீப்பெட்டி ஆபீஸில் கட்டையில் தீக்குச்சி அடுக்கியே முதுகு கூனியவர். பொங்கல் பானை ஒன்றை மடியில் வைத்திருந்தார்.

"அக்கா, அதுக்குள்ள பானை எதுக்கு? அவங்க இல்லன்னு சொல்லிட்டா?" என்றார் அப்பா.

"இல்லன்னா வீட்டுல போயிப் பொங்குவேன். பானை என்ன கெட்டா போகும்? நீ பூட்டன் பேரை ஒழுங்காச் சொல்லு."

கேள்வி

தேரியில் பங்குனி வெயில் மேலிருந்தும் அடிக்கும், கீழிருந்தும் அடிக்கும். மணல் செருப்புக்குள் புகுந்து சுட்டது. கோயிலுக்கு முன்னால் மணலில் வரிசையாக ஏழு குழி அடுப்புகள். ஏழிலும் பனை மட்டை எரிந்துகொண்டிருந்தது. ஆறு அடுப்புகளைச் சுற்றி ஆட்கள். ஏழாவதைச் சுற்றி யாரும் இல்லை. வருஷா வருஷம் அதையும் மூட்டுவார்கள் என்றும், பானை ஏறாமல் அது தானாக அணைந்துவிடும் என்றும் பக்கத்தில் நின்றவர் சொன்னார்.

சுடலைமுத்து எங்களை எல்லோருக்கும் முன்னால் நிறுத்தினார். கூட்டம் சுற்றி வந்து நின்றது. அப்பா சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார்.

"ஒங்க வீட்டுப் பிள்ளைக்கு மொத முடி எடுக்கும்போது யாரு மடியில உக்காத்துவிய?"

அப்பா வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

அத்தை மடி

அப்பா ஏன் பேசவில்லை என்று அந்த இடத்தில் எங்கள் இருபது பேருக்கு மட்டும்தான் தெரியும்.

முதல் முடி எடுக்கும்போது பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைப்பதுதான் வழக்கம். எங்கும் அப்படித்தான். எங்கள் வகையறாவில் மட்டும் தகப்பனின் அக்கா அல்லது தங்கை மடியில் வைப்பார்கள். ஏன் என்று கேட்டால், "நமக்கு அப்படித்தான்" என்பார்கள். தாய்மாமன்கள் கோபித்துக்கொண்டு பந்தியிலிருந்து எழுந்து போயிருக்கிறார்கள். "பொண்ணு எடுத்த வீட்டை மதிக்கத் தெரியாத வரத்துக்காரப் பயலுக" என்று பேச்சு வாங்கியிருக்கிறோம். எனக்கு முடி எடுத்ததும் பேச்சியம்மாள் அத்தை மடியில்தான்.

என் மகனுக்குத் திருச்செந்தூரில் முடி எடுத்தபோது நான் அதை மாற்றினேன். நாலு எழுத்துப் படித்தவன், ஊர் சிரிக்கிற காரியத்தைச் செய்ய வேண்டுமா என்று நினைத்தேன். என் மைத்துனர் மடியில் பிள்ளையை வைத்தேன். அத்தை புதுச்சேலை கட்டி வந்திருந்தார்.  தள்ளிப்போய்க் கடலைப் பார்த்து நின்றார். அப்பாவும் என்னைத் தடுக்கவில்லை. அவருக்கும் அது பெரிய நிம்மதியாக இருந்திருக்கும்.

இப்போது அப்பா என்னைப் பார்த்தார். உள்ளதைச் சொன்னால் இங்கேயும் சிரிப்பார்களோ என்ற பயம் அவர் முகத்தில் இருந்தது. எல்லோரும் சொல்கிற பதில் நாக்கு நுனியில் நின்றதும் தெரிந்தது.

"மூத்தவ நானு. என்னைக் கேளுங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

அத்தை பானையை இடுப்பில் வைத்தபடியே முன்னால் வந்தார். "எங்க வீட்டுப் பிள்ளைக அத்தை மடியிலதான் உக்காரும். இந்தா நிக்கானே, இவனுக்கு எம் மடியிலதான் முடி எறக்குனது. இவன் மகனுக்கு மட்டும் இல்ல. அது இவன் படிச்ச படிப்பு."

யாரோ சிரித்தார்கள். அது நாங்கள் பயந்த சிரிப்பு இல்லை.

சுடலைமுத்து சிரிக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து அத்தைக்கு முன்னால் நின்றார்.

"வந்த மூணு குடும்பமும் தாய்மாமன்னுதான்மா சொன்னாவ" என்றார்.

போனவள்

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இதற்கு ஆவணம் எதுவும் இல்லை. சொன்னவர் சுடலைமுத்து, அவருக்கு அவருடைய தகப்பனார் சொன்னது.

"ஒரு பஞ்சம் வந்துச்சு. கூடவே காய்ச்சலும். ஏழாவது தம்பியும் அவன் பொஞ்சாதியும் ஒருத்தர் பின்னால ஒருத்தரா போய்ச் சேந்துட்டாங்க. கைப்பிள்ளை ஒண்ணு மிச்சம். அண்ணன்மாரு வீட்டுலயும் அடுப்பு எரியல. கூடப் பொறந்தவ ஒருத்தி இருந்தா, கல்யாணம் ஆவாத பிள்ளை. 'இது எங்கிட்ட இருக்கட்டும், வடக்க வேலை இருக்காம், நான் போறேன்'ன்னு கெளம்பிட்டா. போறதுக்கு முன்னால சாமிக்கு முடி எடுக்கணும். தாய்மாமன் வீட்டுலருந்து ஆளு வரல. அவளே மடியில வச்சு எடுத்தா. இந்தா, இந்த எடத்துலதான் உக்காந்திருந்தாளாம். எந்திரிக்கும்போது ஒரு பிடி மண்ணு அள்ளிக்கிட்டு, 'எம் மடியிலதான் வளரப்போறான், எம் மடியிலதான் முடி எறக்கணும், இனிமேப்பட்டு இதுதான் வழக்கம்'ன்னு சொல்லிட்டுப் போனாளாம்."

அவள் பெயரைக் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. "அத்தைன்னுதான் சொல்லுவோம்" என்றார்.

நான் குறிப்பு எடுக்கவில்லை. நோட்டும் பேனாவும் சட்டைப்பையில் இருந்தன. நிருபரான பிறகு, முக்கியமான ஒன்றை ஒருவர் சொல்லி நான் எழுதாமல் நின்றது அதுதான் முதல் தடவை. தாத்தாவின் தாத்தா என்று நாங்கள் நினைத்து வைத்திருந்த யாரோ ஒரு ஆள், களவாண்டோ அடிபட்டோ ஓடிவந்த ஆள், அவர் ஓடி வரவே இல்லை. ஒரு பெண்ணின் இடுப்பில் உட்கார்ந்து வந்திருக்கிறார். அவளுக்கு அப்போது என்ன வயது இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். எந்தக் கணக்கிலும் இருபதைத் தாண்டவில்லை. இந்த மணலில் நடந்து பழகிய கால் கரிசலில் நடந்திருக்கிறது. யாருடைய புஞ்சையிலோ களை எடுத்து, பருத்தி எடுத்து, ஒரு பிள்ளையை வளர்த்திருக்கிறாள். வேனில் வந்த இருபது பேரும் அவள் தூக்கி வந்தவர்கள்தான்.

அப்பா மணலில் உட்கார்ந்திருந்தார். மறைக்காமல் அழுதார். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எந்திரிலே, எல்லாரும் பாக்காங்க" என்று என்னை அதட்டினார். நானும் உட்கார்ந்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அத்தை மட்டும்தான் உட்காரவில்லை. "கொமரிப்பிள்ளை, எம்புட்டு தூரம் நடந்திருக்கா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

அழைப்பு

பிறகு வகையறாக்களை வரிசையாகக் கூப்பிட்டார்கள். பானை ஏற்றுவதற்கு முன்னால் அது ஒரு சடங்கு. சுடலைமுத்து கோயில் நடையில் நின்று குரல் கொடுத்தார்.

"மூத்த வகையறா வந்தாச்சா?"

"வந்தாச்சு." முதல் அடுப்பில் பானை ஏறியது.

"ரெண்டாவது வகையறா வந்தாச்சா?"

"வந்தாச்சு."

ஆறாவது பானையும் ஏறியது. ஏழாவது அடுப்பில் மட்டைகள் பாதி எரிந்திருந்தன. இந்த இடத்தில் கூப்பிட்டுவிட்டு, ஒரு மூச்சு நேரம் பொறுத்து, மேற்கொண்டு வேலையைப் பார்ப்பதுதான் அவர்களுக்குப் பழக்கம். யாரும் இந்தப் பக்கம் திரும்பக்கூட மாட்டார்களாம். அன்று எல்லோரும் திரும்பினார்கள்.

"ஏழாவது வகையறா வந்தாச்சா?"

அப்பா அத்தையைப் பார்த்தார். அத்தை முழங்கையால் அவரை இடித்தார்.

"சொல்லுலே."

"வந்தாச்சு" என்றார் அப்பா. தள்ளித் தள்ளி இருக்கிற யூனிட் அறைகளுக்கு நடுவே கூப்பிட்டுப் பழகிய குரல், சுற்றி இருந்த பனைகளுக்கும் கேட்டிருக்கும்.

சுடலைமுத்து ஒரு கணம் அப்படியே நின்றார். ஏழாவது அடுப்புக்குப் பதில் வந்தால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. பிறகு அடுப்பைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"அப்ப என்ன பாத்துக்கிட்டு நிக்கிய? தீ அவியப் போவுது. பானையை ஏத்துங்க."